ஆடாத பாடி

பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்க வேண்டும். எனக்கு மட்டும் பிரேக்கை மிதித்தால் நாற்காலி பின்னால் போனது.

நான் கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஓட்டுகிறவன். சின்னப் பிள்ளைகள் போனில் விரலால் தேய்த்து ஓட்டுவார்களே, அது இல்லை. மேசையில் மோட்டார் வைத்த ஸ்டியரிங், தரையில் நிஜக் காரைப் போலவே காலை எதிர்த்துத் தள்ளும் பெடல்கள், எதிரே அகலமான திரை. என்னிடம் இருந்த பிரேக் பெடல், அது எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று பார்க்காது. எவ்வளவு பலமாக மிதிக்கிறோம் என்றுதான் பார்க்கும். பலமாக மிதித்தால் மொசைக் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கிக்கொண்டு சுவர்வரை போய்விடும். பின்னால் ஓர் அரிசி மூட்டையை முட்டுக்கொடுத்தேன். அதற்கப்புறம் மேசை முன்னால் நகர ஆரம்பித்தது. இரண்டுக்கும் நடுவில் நான் காலை நீட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆலங்குடியிலிருந்து உள்ளே வருகிற ரோட்டில் எங்கள் ஊர். அப்பா முந்திரிக்கொட்டை வியாபாரம் செய்தவர். ஊரில் இன்றைக்கும் முந்திரிக்காரர் வீடு என்றால்தான் எங்கள் வீட்டுக்கு வழி சொல்வார்கள். பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறும். புத்தியில் ஒரு குறையும் இல்லை, காதில் அதைவிடக் குறை இல்லை. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். நான் ஒரே பிள்ளை.

சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை எனக்கு. வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று கம்பெனி பெரிய மனது பண்ணியது. அதுதான் வினையாகப் போயிற்று. முடியாது என்று சொல்லியிருந்தால் ஏதாவது வேறு வழி பிறந்திருக்கும். மனைவிக்கு அங்கே பேங்க் வேலை, மகளுக்கு அங்கே ஸ்கூல். ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று அவர்களிடம் சொல்லி பஸ் ஏறினேன். மூன்று வருஷம் ஆகப்போகிறது.

அதற்கு முன்னால் அப்பாவைச் சென்னைக்குக் கூட்டிப்போய்ப் பார்க்காமல் இல்லை. மூன்றாவது மாடியில் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்தவர், சாப்பிட வாயைத் திறக்கவில்லை. காலையில் கண் விழித்ததும், "எப்படா ஊருக்கு?" என்பார். அந்த ஒரு கேள்விதான் நாள் முழுக்க. கொண்டுவந்து விட்டுவிட்டோம். சம்பளத்துக்கு ஆள் வைத்தோம். நல்ல மனுஷன், திருப்பூரில் வேலை கிடைத்ததும் போய்விட்டார். அப்பா ஆள் கனம். அவரைக் கட்டிலிலிருந்து எழுப்ப ஒரு தோது இருக்கிறது: இடது கக்கத்தில் கை கொடுத்து, என் முட்டியை அவர் முட்டிக்கு அண்டக் கொடுத்து, அவர் மூச்சை விடும்போது தூக்க வேண்டும். வேறு யார் தொட்டாலும் உடம்பை விறைத்துக்கொள்வார். அந்தத் தோதைக் கற்றுக்கொண்ட அன்றைக்கே எனக்கு விலங்கு மாட்டியாயிற்று.

கட்டில் பக்கத்தில் ஒரு சில்வர் டம்ளரும் ஸ்பூனும் இருக்கும். இடது கையால் அதைத் தட்டினால் நான் வர வேண்டும். ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாலும் தட்டுவார், குளித்துக்கொண்டிருந்தாலும் தட்டுவார். தட்டாத நேரத்தில் ஏன் தட்டவில்லை என்று நானே போய்ப் பார்ப்பேன். இந்த மூன்று வருஷத்தில் நான் நீண்ட ரேஸ் ஒன்றைக்கூட முழுசாக ஓட்டி முடித்ததில்லை.

சென்னையில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை காலையில் காரை எடுத்துக்கொண்டு கடற்கரை ரோட்டில் தனியாகப் போய்விட்டு வருவேன். எனக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் அது. இங்கே அப்பாவின் பழைய கார் நிற்கிறது. அதை எடுப்பது புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான். சின்னப் பள்ளம் என்றாலும் பின் சீட்டிலிருந்து "மெல்ல, மெல்ல" என்று சத்தம் வரும். மொபட்டில் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு போகிறவர் என்னைத் தாண்டிப் போவார். தாண்டும்போது திரும்பிப் பார்த்து, அப்பா சௌக்கியமா என்று தலையை வேறு ஆட்டுவார்.

அதனால்தான் ஸ்டியரிங் வாங்கினேன். மூட்டை அடுக்கியிருந்த பக்கத்து அறை காலியாகக் கிடந்தது. மத்தியானம் அப்பா கண் அசந்ததும் அங்கே போய் உட்கார்ந்துகொள்வேன். இன்னும் முந்திரிக்கொட்டை வாடை போகாத அறையில், எங்கேயோ இருக்கிற மலைப்பாதையில், யாரும் மெல்ல என்று சொல்லாத வேகத்தில் போவேன். நாற்காலி சுவரில் போய் இடிக்கும். "என்னடா இடிக்குது?" என்று கூடத்திலிருந்து அப்பாவின் குரல் வரும்.

இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்றுதான் ஸ்டியரிங், பெடல், சீட் மூன்றையும் ஒன்றாகப் பிடித்து வைக்கிற சட்டம் தேடினேன். தேடியதில் வழி இரண்டாகப் பிரிந்தது. ஒன்று, மடக்குகிற ஸ்டாண்ட். இரும்புக் குழாயில் செய்தது. ஓட்டி முடித்ததும் மடக்கிச் சுவரில் சாய்த்துவிடலாம், காரில் போட்டு எடுத்துப்போகலாம். இன்னொன்று அலுமினியச் சட்டம். நாலு பக்கமும் காடி வெட்டிய கனமான அலுமினியக் கட்டைகளை போல்ட் போட்டு இறுக்கிச் செய்வது. ஒரு முறை பூட்டி நம் உயரத்துக்குச் சரிசெய்துவிட்டால் அது இருக்கிற இடத்தில் இருக்க வேண்டியதுதான். யானை வந்து முட்டினாலும் நகராது.

அப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன்; மனைவிக்குச் சந்தேகமே இல்லை. "மடக்கறதே வாங்குங்க. வர்றப்ப டிக்கியில போட்டுட்டு வந்துடலாம். இங்க ஹால்ல அவ்ளோ பெருசு எங்க வைக்கிறது?" என்றாள்.

வர்றப்ப. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அந்த 'வர்றப்ப' எப்போது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும். எனக்கு இந்த வீட்டை விட்டுப் போக ஒரே ஒரு வாசல்தான் இருந்தது, அது அப்பாவின் கட்டிலைத் தாண்டித்தான் திறக்கும். மடக்குகிற ஸ்டாண்டை வாங்கினால் அந்த வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று அர்த்தம். அலுமினியத்தை வாங்கினால் வரமாட்டேன் என்று மனைவிக்கும் மகளுக்கும் சொல்லிவிட்டதாக அர்த்தம். ஒரு விளையாட்டுச் சாமானில் இவ்வளவு இருக்கும் என்று எவனாவது விளம்பரத்தில் போட்டானா?

கோயம்புத்தூரில் இந்தச் சட்டங்களைச் செய்கிற ஒருவருக்குப் போன் போட்டேன். அப்பாவுக்கு அப்போது கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். முன்பு லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் இருந்தவராம். சட்டத்தையும் பாடி என்றுதான் சொன்னார்.

"பாடிதானுங்க சார் முக்கியம். மோட்டார், பெடலெல்லாம் அப்புறம் மாத்திக்கலாம். பாடி ஆடுச்சுன்னா அத்தனையும் ஆடும். மடக்கற ஸ்டாண்டு வாங்குனீங்கன்னா ஆறு மாசத்துல என்னையத்தான் திட்டுவீங்க."

"எடுத்துட்டுப் போற மாதிரி இருக்கணுமேன்னு பாக்குறேன்."

"வீடு சொந்த வீடுங்களா?"

"சொந்த வீடுதான்."

"அங்கயே எத்தன வருசம் இருப்பீங்க, சொல்லுங்க. அதை வச்சுத்தான் நான் சொல்ல முடியும்."

அப்பாவின் கால் என் கையில் இருந்தது. அவர் உத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். முன்பின் தெரியாத ஒரு ஆள், வியாபாரத்துக்காகக் கேட்கிற கேள்வி. எனக்கு அவர் மேல் வந்த கோபம் சாயங்காலம்வரை இறங்கவில்லை.

அப்புறம் பல நாள் அளந்துகொண்டே இருந்தேன். அலுமினியக் கட்டையில் எண்பது மில்லிமீட்டர் அகலம் போதுமா, நூற்றறுபது வேண்டுமா. சீட்டை நிமிர்த்திவைப்பதா, காலை உயரத் தூக்கிப் படுத்தாற்போல் வைப்பதா என்று வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். அறையை டேப் வைத்து அளந்தேன். மடக்குகிற ஸ்டாண்டின் படத்தையும் அழிக்காமல் வைத்திருந்தேன். அவ்வப்போது எடுத்துப் பார்த்து, டிக்கிக்குள் போகும் போகும் என்று என்னையே ஏமாற்றிக்கொள்வேன்.

முடிவெடுத்தது ஒரு மத்தியானம். அன்றைக்கு எப்போதும் இல்லாமல் ரேஸில் முதலாவதாக ஓடிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ரோடு காலியாக இருந்தது. ரேஸ் முடியப்போகிற நேரத்தில் டம்ளர் சத்தம் கேட்டது. இதோ இதோ என்று கத்தினேன். சத்தம் நிற்கவில்லை. போனால், படுக்கை நனைந்திருந்தது. துடைத்து, வேட்டி மாற்றி, விரிப்பை மாற்றி, புரட்டிப் படுக்கவைத்துவிட்டு வந்து பார்த்தேன். திரையில் என் கார் ஒரு சுவரில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. எல்லோரும் ரேஸை முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படியும் இங்கேதான் இருக்கப்போகிறோம், ஆடாமலாவது இருப்போம் என்று தோன்றியது. அழுகையெல்லாம் வரவில்லை. கோயம்புத்தூர்க்காரருக்குப் போன் போட்டு, கனமானதையே அனுப்புங்கள் என்றேன். வீட்டில் தூக்கிப் பூட்ட வேறு ஆள் இல்லை என்றதும், பாடியைத் தானே பூட்டி லெவல் பார்த்து அனுப்பிவிடுவதாகச் சொன்னார். பெடலும் சீட்டும் மட்டும் நான் மாட்டினால் போதும். மனைவியிடம், வாங்கிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். எது என்று அவள் கேட்கவில்லை. தான் சொன்னதைத்தான் வாங்கியிருப்பேன் என்று நினைத்திருப்பாள்.

சட்டம் புதுக்கோட்டைப் பார்சல் ஆபீசுக்கு வந்து சேர்வதற்கு முதல் நாள் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சில் சளி. அவரைக் காரில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதை ஊரே பார்த்தது. ஊசி போட்டு, மருந்து கொடுத்து, கூட்டிப்போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. நாங்கள் வந்ததை யாரும் பார்க்கவில்லை. எதிர்வீட்டு அத்தைகூடப் பார்க்கவில்லை என்பதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். அவர் அப்பாவுக்குத் தங்கை முறை; எங்கள் தெருவில் அவர் பார்க்காமல் ஒரு கோழி குறுக்கே போனதில்லை.

மறுநாள் காலையில் பார்சலை ஏற்றிவந்த குட்டியானை வண்டிக்காரர் போன் பண்ணினார். கோயம்புத்தூர்க்காரர் பில்லிலும் பாடி என்றே எழுதியிருந்தார்.

"சார், பாடிய ஏத்திட்டு வந்துட்டேன். ஊருக்குள்ள டீக்கடைகிட்ட நிக்கிறேன். எங்கிட்டு வரணும்?"

"முந்திரிக்காரர் வீடுன்னு கேளுங்க. படுத்துருக்காரே, அவரு வீடுன்னா சொல்லிருவாங்க."

அவரும் கிட்டத்தட்ட அப்படியே கேட்டிருக்கிறார். "படுத்துருந்தாரே முந்திரிக்காரரு, அவங்க வீடு எங்கிட்டுங்க? பாடி கொண்டாந்திருக்கேன்."

எங்கள் பக்கம் ஒருவர் இறந்தால் சொந்தக்காரர்களுக்கு முன்னால் வந்து சேர்வது ஐஸ் பொட்டி. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் வரும்வரை உடம்பை வைத்திருக்க வேண்டுமே. அலுமினியச் சட்டமும் கண்ணாடி மூடியுமாக அதுவும் குட்டியானையில்தான் வரும். என்னுடைய சட்டத்தின் அட்டைப்பெட்டி வழியில் மழையில் நனைந்து பிய்ந்துவிட்டது. பார்சல் ஆபீசில் அதை உரித்துப் போட்டுவிட்டார்கள். ஆள் நீளத்துக்கு, பளபளவென்று, கண்ணாடிக் காகிதம் சுற்றி அது வண்டியில் கிடந்தது. டீக்கடையில் பாட்டை நிறுத்திவிட்டார்களாம்.

எனக்கு இது எதுவும் தெரியாது. வண்டி வந்தது, நானும் டிரைவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தோம். தோளில் துண்டோடு நாலைந்து பேர் வந்தார்கள். பரவாயில்லையே, ஒரு கை பிடிக்க வருகிறார்களே என்று நினைத்தேன்.

ஒருவர் என் தோளைத் தொட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார். "மருமகப் பொண்ணு கெளம்பிருச்சாப்பா?"

"இல்லண்ணே. அவளுக்கு லீவு இல்ல."

அவர் முகம் மாறியது. "இதுக்குமா லீவு தர மாட்டாய்ங்க?"

"இதுக்கெல்லாம் அவ எதுக்குண்ணே? நான் ஒருத்தனே பாத்துக்குவேன்."

இன்னொருவர் சட்டத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "எடுக்குறது எப்ப?" என்றார்.

"இந்தா, இப்பவே எடுத்துரலாம். உள்ள கொண்டுபோய் போல்ட்டு போட்டு இறுக்கிட்டா முடிஞ்சுச்சு."

அவர் இரண்டடி பின்னால் போனார். அதற்குள் எதிர்வீட்டு அத்தை தலையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு ஓடிவந்தார். "எண்ணே! என்னைப் பெத்த எண்ணே! நேத்து கார்ல போகயில ஒரு வார்த்த பேசலையே! நான் பாக்குறதுக்கு முன்னாடியே போயிட்டீங்களே!" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். சட்டத்தின் கனம் முழுக்க டிரைவர் கையில் நின்றது. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கூடத்திலிருந்து டம்ளர் சத்தம் கேட்டது. டக், டக், டக். கூடவே அந்தக் குழறல்.

"யாருடா அங்க அழுகுறது? யாரு செத்தா?"

அத்தையின் அழுகை பாதியில் நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தார். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "கூறுகெட்டவனே! வந்தவன் வந்தேன்னு ஒரு சத்தம் குடுக்க மாட்டியா?" என்று முதுகில் ஒன்று வைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். டிரைவர் தாங்கமுடியாமல் சட்டத்தை இறக்கிவைத்தார். பக்கத்து அறைக்குப் போகிற குறுகலான நடையில் அது திரும்பவில்லை. அறையை அளந்த நான் நடையை அளக்கவில்லை. வேறு இடம் இல்லாமல் கூடத்தில், அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், கட்டிலுக்குச் சரிநீளமாக அதை வைத்தோம்.

அப்பா அதைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"எனக்கா?" என்றார்.

"இல்லப்பா. எனக்கு."

கூடம் குலுங்கச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அப்பாவும் சிரிக்கவில்லை.

எல்லோருக்கும் டீ வாங்கிவரச் சொன்னேன். சாவு விழுந்து கேதம் கேட்கப் போன வீட்டில் எங்கள் பக்கம் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள். பேசாமல் எழுந்து போய்விடுவதுதான் வழக்கம். அதனால் அன்றைக்கு ஒவ்வொருவரும் வேண்டுமென்றே கட்டில் அருகே வந்து, தோஷம் கழிய வேண்டும் என்று, "போயிட்டு வாரேண்ணே", "போயிட்டு வாரேன் மாமா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அத்தை மூன்று தடவை சொன்னார், உப்பும் மிளகாயும் கொண்டுவந்து அப்பாவுக்குச் சுற்றியும் போட்டார். அப்பா எல்லோருக்கும் இடது கையைத் தூக்கித் தூக்கி இறக்கினார். கடைசியில் அந்த வார்த்தையைச் சொல்லாமல் நின்றது நான் ஒருவன்தான்.

சாயங்காலம் அந்த இடத்திலேயே பெடலை மாட்ட உட்கார்ந்தேன். மனைவியிடமிருந்து மெசேஜ் வந்திருந்தது. "வந்துடுச்சா? டிக்கிக்குள்ள போகுமா?" பதில் எழுதாமல் போனைக் கவிழ்த்துவைத்தேன். அப்பா என் கையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார்.

"இது மடக்குறது இல்லையேடா," என்றார்.

எனக்கு போல்ட் கை தவறி விழுந்தது. "மடக்குறதப் பத்தி ஒங்களுக்கு யாருப்பா சொன்னா?"

"எனக்குக் கையிங்காலுந்தான் போச்சு. காது போகல." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அந்தப் புள்ளதான் சொல்லுச்சுல்ல, மடக்குறது வாங்கச் சொல்லி."

"அது ஆடும்ப்பா."

"ஆடுனா ஆடிட்டுப் போகுது." நாக்கு ஒத்துழைக்காததால் ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தார். "நான் போறவரைக்கும் தாங்குனாப் போதாதாடா?"

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று இன்றுவரை தெரியவில்லை. மூன்று வருஷமாக நான் வாய்விட்டுச் சொல்லாத கணக்கை இந்த மனுஷன் படுத்துக்கொண்டே போட்டு வைத்திருக்கிறார். நான் இங்கிருந்து போக வேண்டும் என்று, என்னைத் தவிர யாரையும் தொட விடாத அவரேதான் ஆசைப்பட்டிருக்கிறார். தலையைக் குனிந்துகொண்டு, உருண்டுபோன போல்ட்டைத் தேடுகிறாற்போல் கட்டிலுக்கு அடியில் கொஞ்ச நேரம் கையை விட்டுத் துழாவினேன். கண் தெளிந்தபிறகுதான் வெளியே வந்தேன்.

பெடலை மாட்டினேன். சீட்டை மாட்டினேன். எல்லா போல்ட்டையும் இன்னொரு சுற்று இறுக்கினேன். ஏறி உட்கார்ந்தபோது, கட்டிலில் அவரும் சட்டத்தில் நானும் ஒரே பக்கம் தலை வைத்து, ஒரே உயரத்தில் இருந்தோம்.

"மிதிச்சுப் பாரு," என்றார் அப்பா.

காலில் இருந்த பலம் அத்தனையையும் கொடுத்து பிரேக்கை மிதித்தேன். எதுவும் அசையவில்லை.